பிடித்து விடுவிக்கப்படும் பெரிய கடல் மீன்கள் உண்மையிலேயே பிழைக்கின்றனவா?

ஆழிவிரும்பி கேட்டது:

வணக்கம். மார்லின், மயில்மீன், நீலத்துடுப்புச் சூரை போன்ற பெரிய மீன்களைத் தூண்டிலில் பிடித்து, படகோரம் வரை கொண்டுவந்து, பிறகு கடலிலேயே விட்டுவிடும் விளையாட்டு மீன்பிடிப்பைப் பற்றி என் மைத்துனருடன் அண்மையில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று உயிரைக் கொடுத்துப் போராடிய மீன், விட்டவுடன் நீந்திப் போவதெல்லாம் வெறும் தோற்றம்தான் என்கிறார் அவர். நம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் அது செத்துத்தான் போகிறது, அப்படி வீணாகச் சாகவிடுவதைவிட எடுத்துவந்து உண்பதே நேர்மை என்பது அவருடைய கட்சி. வலுவாக வாலடித்து இறங்கும் மீன் எதற்காகச் சாக வேண்டும் என்பது என்னுடைய கட்சி. இருவர் கையிலும் சான்று எதுவும் இல்லாததால் குரல் உயர்ந்ததுதான் மிச்சம்.

ஆகவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். திறந்த கடலில் விட்ட ஒரு மீன் அதன்பின் பிழைத்ததா இல்லையா என்பதை யாராவது நேரடியாகக் கண்டறிந்திருக்கிறார்களா? கண்டறிந்திருந்தால், பிழைப்பதையும் சாவதையும் தீர்மானிப்பது எது? மீனின் இனமா, போராட்டத்தின் நீளமா, தூண்டில் முள்ளா, அல்லது பிடித்தவரின் கைப்பக்குவமா?

நெய்தல்நாடன் எழுதியது:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீன் நீந்திப் போனது என்பது அது பிழைத்தது என்பதற்குச் சான்று ஆகாது. அந்த அளவில் உங்கள் மைத்துனர் சொல்வது சரி. ஆனால் பெரும்பாலான மீன்கள் செத்துப்போகின்றன என்று அவர் அதிலிருந்து எடுத்த முடிவு அளந்து பார்த்த இடங்களிலெல்லாம் பொய்த்திருக்கிறது.

இதை அளப்பது எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் ஃபிராங்க் மேதர் 1954-இல் தொடங்கிய திட்டம் முதல், தூண்டில்காரர்களே மீனின் முதுகுத் தசையில் எண் பொறித்த சிறு டேக்கைச் செருகி விடுவதும், அதே மீனை எப்போதாவது வேறொருவர் பிடித்தால் தகவல் அனுப்புவதும் வழக்கமாக இருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்திலும் 1973 முதல் இப்படியொரு திட்டம் நடக்கிறது. மீன்கள் எவ்வளவு தொலைவு செல்கின்றன, எவ்வளவு காலம் வாழ்கின்றன என்பதை அறிய இவை பெரிதும் உதவின. ஆனால் உங்கள் கேள்விக்கு இவற்றால் விடை சொல்ல முடியாது. டேக் செருகிய மார்லின்களில் மறுபடியும் அகப்படுபவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். மற்றவை செத்தனவா, டேக் கழன்று விழுந்ததா, பிடித்தவர் தகவல் அனுப்பாமல் விட்டாரா, அல்லது கடல் பெரிது என்பதால் மீண்டும் யார் கண்ணிலும் படவில்லையா என்று பிரித்தறிய வழியே இல்லை.

1990-களின் பிற்பகுதியில் வந்த, தானாகக் கழன்று மிதக்கும் செயற்கைக்கோள் டேக்குகள்தான் நிலைமையை மாற்றின. இந்த டேக் ஒரு சிறு குமிழ் போன்ற மிதவையும் அதன் தலையில் ஒரு வானலைக் கம்பியும் கொண்டது. முதுகுத்துடுப்பின் அடியில் தசைக்குள் செருகிய சிறு ஈட்டிமுனையில் அதைக் கட்டியிருப்பார்கள். மீன் இருக்கும் ஆழம், நீரின் வெப்பநிலை, வெளிச்சத்தின் அளவு ஆகியவற்றைச் சிறு இடைவெளிகளில் அது பதிவு செய்துகொண்டே இருக்கும். முன்கூட்டியே குறித்த நாளில், பிணைப்புக் கம்பியில் மின்சாரம் பாய்ந்து, கம்பி உப்புநீரில் கரைந்து அறும். டேக் மேலே வந்து மிதந்து, ஆர்கோஸ் செயற்கைக்கோள்களுக்குத் தன் பதிவுகளை அனுப்பும். மீனை மறுபடி பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்தப் பதிவுகளை வரைபடமாக்கினால், உயிருள்ள மார்லினின் கோடு ஓயாமல் மேலும் கீழும் ஆடும். இரவில் மேற்பரப்பை ஒட்டியே கிடக்கும், பகலில் திடீரென ஐம்பது, நூறு மீட்டர் இறங்கி மீண்டும் ஏறும். செத்த மீனின் கோடு வேறு மாதிரி. ஏதோ ஒரு நேரத்தில் அது ஒரே சரிவாக இறங்கத் தொடங்கி, நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். கடலடி ஆழமில்லாத இடமென்றால் அங்கே போய்ப் படுத்து நேர்கோடாகிவிடும். ஆழமான இடமென்றால், அழுத்தத்தில் டேக் நொறுங்காமல் இருப்பதற்காக ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் தானே அறுத்துக்கொண்டு மேலே வரும் ஏற்பாடு அதில் உண்டு. இன்னொரு வகை விசித்திரமானது. ஆழக்கோடு தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் நடுப்பகலிலும் வெளிச்சம் சுழியம் என்று பதிவாகும். சில நாட்கள் கழித்துத் திடீரென வெளிச்சம் திரும்பும். மீனோடு சேர்ந்து டேக்கும் ஒரு சுறாவின் வயிற்றுக்குள் போய், பிறகு கக்கப்பட்டது என்பதுதான் இதற்குப் பொருள்.

இனி முடிவுகள். பெர்முடா அருகே நீல மார்லின்களில் இப்படி ஒன்பது டேக்குகள் செருகி, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு டேக்குகள் தகவல் அனுப்பின, அந்த எட்டு மீன்களும் ஐந்து நாள் கண்காணிப்புக் காலம் முழுவதும் உயிரோடு இருந்தன. ஒன்பதாவது டேக்கிலிருந்து எதுவும் வரவில்லை. அந்த மீன் செத்தது என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்பதில் எட்டு பிழைத்திருக்கின்றன.

அதைவிட முக்கியமானது 2005-இல் ஹொரொடிஸ்கி, கிரேவ்ஸ் ஆகிய இருவரும் வெள்ளை மார்லின் குறித்து வெளியிட்ட ஆய்வு. வழக்கமான ஜே வடிவ முள்ளில் பிடித்த இருபது மீன்களையும், நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளில் பிடித்த இருபது மீன்களையும் ஒப்பிட்டார்கள். வட்ட முள்ளில் பிடிபட்ட இருபதும் பிழைத்தன. ஜே முள்ளில் பிடிபட்ட இருபதில் ஏழு செத்தன. மீனும் ஒன்று, பிடிக்கும் முறையும் பெரும்பாலும் ஒன்று, மாறியது முள் மட்டுமே. தீர்மானிப்பது எது என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிட நேரான விடை இந்தத் துறையில் அரிது.

காரணம் முள் தைக்கும் இடம். இறந்த இரையைக் கோத்த ஜே முள்ளை மீன் விழுங்கிவிட்டால், இழுத்த மாத்திரத்தில் அது எங்கே இருக்கிறதோ அங்கேயே தைக்கும். அந்த இடம் செவுளாக, தொண்டையாக, வயிறாக இருக்கலாம், சில நேரம் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் அருகிலும் இருக்கலாம். வட்ட முள் விழுங்கப்பட்டாலும், தூண்டில் நரம்பு இறுகும்போது பின்னோக்கி வழுக்கி வந்து, வாயின் ஓரத்தை அடைந்த பிறகுதான் திரும்பித் தைக்கிறது. குவாத்தமாலா கடலில் மயில்மீன்களை வைத்து எரிக் பிரின்ஸ் குழுவினர் செய்து 2002-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஜே முள்ளில் பிடிபட்டவற்றில் 46 சதவீதம் ஆழத் தைத்திருந்தன, வட்ட முள்ளில் 2 சதவீதம் மட்டுமே.

கலிஃபோர்னியா தீபகற்பப் பகுதியில் வரிமார்லின்களைப் பற்றி டொமியர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. அங்கே மொத்த இறப்பு ஏறத்தாழ 26 சதவீதம். ஆனால் அந்த ஒற்றை எண்ணைப் பிரித்துப் பார்த்தால், நல்ல நிலையில் விடப்பட்டவற்றில் செத்தவை 9 சதவீதம்தான். ஆழத் தைத்தவற்றில் 63 சதவீதம் செத்தன. செவுளிலிருந்து குருதி வடிந்த நிலையில் விடப்பட்டவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நெய்தல்நாடன் ஐயா தந்த விவரங்களில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவற்றிலிருந்து கொள்ள வேண்டிய நம்பிக்கையின் அளவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

இருபதில் இருபதும் பிழைத்தன என்றால் இறப்பு சுழியம் என்று பொருள் அல்ல. உண்மையான இறப்பு விகிதம் நூற்றுக்குப் பத்தாகவே இருந்தாலும், இருபது மீன்களை எடுத்துப் பார்க்கும்போது ஒன்றுகூடச் சாகாமல் இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. புள்ளியியலில் இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. சோதித்த எதிலும் இறப்பு காணப்படவில்லை என்றால், மூன்றை எண்ணிக்கையால் வகுத்து வருவதை மேல் எல்லையாகக் கொள்ளலாம். இங்கே அது 15 சதவீதம். ஒவ்வொரு செயற்கைக்கோள் டேக்குக்கும் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் என்பதால் ஆய்வாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. இருபதுக்கும் இருபதுக்கும் இடையே ஏழு சாவுகள் வேறுபாடு என்பது தற்செயலாக நிகழக்கூடியதும் அல்ல. எனவே வட்ட முள் மேலானது என்பது உறுதி, வட்ட முள்ளில் மீன் சாகவே சாகாது என்பது உறுதி அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுபவர்கள் ஏராளம்.

இரண்டாவது, யாருடைய படகில், எப்படிப்பட்ட கைகளால் இந்த மீன்கள் விடுவிக்கப்பட்டன என்பது. ஆய்வுக்கு உடன்படும் படகுகள் பெரும்பாலும் தேர்ந்த மாலுமிகள் உடையவை. ஆய்வாளர் ஒருவர் பக்கத்தில் நின்று நேரம் குறித்துக்கொண்டிருக்கும்போது மீனை யாரும் கரடுமுரடாகக் கையாள மாட்டார்கள். முதன்முறையாக மார்லினைக் காணும் ஆறு பேர் ஆளுக்கொரு படம் கேட்கும் படகில் என்ன நடக்கிறது என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை.

மூன்றாவது காலம். ஐந்து நாள், பத்து நாள் கண்காணிப்பு போதுமா என்று கேட்கலாம். பதிவான சாவுகளில் பெரும்பாலானவை முதல் ஓரிரு நாட்களுக்குள்ளேயே நிகழ்ந்திருக்கின்றன என்பதால், பிடிபட்டதன் நேரடி விளைவை அளக்க அது போதும் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு பருவம் முட்டையிடத் தவறியதா, தாடைக் காயத்தால் இரை தேடுவதில் பின்தங்கியதா என்பதெல்லாம் அந்தக் காலத்துக்குள் தெரியவராது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதவீதம் சிறிதாக இருந்தாலும் அது பெருக்கப்படுகிறது. நூற்றுக்குப் பத்து இறப்பு என்றால் ஒரு மீனைப் பிடித்தவருக்கு அது நல்ல செய்தி. ஒரே கடற்பகுதியில் பருவம் முழுவதும் ஆயிரம் மீன்கள் பிடித்து விடப்பட்டால், கரைக்கு ஒரு மீனும் வராமலே நூறு மீன்கள் செத்திருக்கும், பிடிப்புக் கணக்கில் அவை எங்கும் ஏறாது. நீண்ட தூண்டில் கயிறுகளோடு செல்லும் வணிகக் கப்பல்களால் சாகும் மார்லின்களோடு ஒப்பிட்டால் இது சிறு பங்குதான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

படகோட்டி எழுதியது:

மேலே இருவரும் எண்களைச் சொல்லிவிட்டார்கள். படகோரத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் முள்ளுக்கு அடுத்தபடியாக மீனின் விதி அங்கேதான் முடிவாகிறது.

மார்லினும் சூரையும் நின்ற இடத்தில் மூச்சுவிடக்கூடிய மீன்கள் அல்ல. குளத்து மீன் வாயைத் திறந்து மூடிச் செவுள் மூடியை அசைத்தே நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். இவை வாயைத் திறந்தபடி முன்னே நீந்தினால்தான் நீர் செவுள்மேல் பாயும். நீந்துவது நின்றால் மூச்சும் நின்றது. போராட்டத்தின்போது வேலை செய்வது வேகத்துக்கான வெண்தசை. அது உயிர்வளி போதாத நிலையிலும் தன் சேமிப்பை எரித்து இயங்கும், அதன் விளைவாகக் குருதியில் லாக்டேட் ஏறி அமிலத்தன்மை கூடும். இந்தக் கடனைத் தீர்க்க மீனுக்குச் சில மணி நேரங்களாவது வேண்டும். அதற்குத் தேவையானது செவுள்மேல் ஓடும் நீர் ஒன்றுதான். அப்படிப்பட்ட நேரத்தில் அதைத் தண்ணீரைவிட்டு மேலே தூக்குவது, ஓடி முடித்து மூச்சு வாங்குகிறவரின் வாயையும் மூக்கையும் பொத்துவதற்கு ஒப்பாகும்.

தூக்கினால் என்ன ஆகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். வட்ட முள்ளில் பிடித்த வெள்ளை மார்லின்களை ஒன்று, மூன்று, ஐந்து நிமிடங்கள் காற்றில் வைத்திருந்து விடுவித்து, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயின. அதே இன மீன்களைத் தண்ணீரிலேயே வைத்து விடுவித்த முந்தைய ஆய்வுகளில் இறப்பு மிகமிகக் குறைவு. முள் சரியான இடத்தில் தைத்து, போராட்டமும் சீக்கிரம் முடிந்து, எல்லாம் நன்றாக அமைந்த மீனை ஒரு புகைப்படம் கொன்றுவிட முடியும் என்பதுதான் இதன் பொருள். அமெரிக்காவின் அட்லாண்டிக் விதிகளில், வைத்துக்கொள்ளப்போகாத மார்லினையும் மயில்மீனையும் தண்ணீரைவிட்டு எடுக்காமலே விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருப்பது இதனால்தான். படம் வேண்டுமென்றால் படம் எடுப்பவர்தான் பக்கவாட்டில் குனிய வேண்டும். மீனை மடியில் கிடத்திக்கொள்ளும் பழக்கம் எங்கே தொடங்கியதோ தெரியவில்லை, அது ஒழிந்தால் நல்லது. கூட்டுக்குள் தொங்கும் உறுப்புகளின் எடையை நீர் தாங்குகிறது என்பதையும், கையும் மேல்தளமும் உரசினால் உடல்மேல் உள்ள வழுவழுப்பான பாதுகாப்புப் படலம் உரிந்துவிடும் என்பதையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

போராட்ட நேரத்தைப் பற்றி. மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதே வீரம் என்று நினைப்பவர்கள் உண்டு. சாதனைப் பட்டியலுக்கு அது உதவலாம், மீனுக்கு உதவாது. மீனை விடுவிக்கப்போவது என்று முன்பே முடிவு செய்துவிட்டால், கனமான நரம்பும் வலுவான கோலும் ரீலில் போதிய இறுக்கமும் வைத்து, படகையும் மீனை நோக்கி நகர்த்தி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிக்க வேண்டும். நீர் வெப்பமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். வெப்பநீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைவு, மீனுக்குத் தேவைப்படுவதோ அதிகம்.

படகோரம் வந்தபின் முள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், எளிதாகக் கழற்றும்படி இருந்தால் நீண்ட கைப்பிடி உள்ள கருவியால் கழற்றலாம். இல்லையென்றால் முள்ளுக்கு மிக அருகில் நரம்பை அறுத்துவிட வேண்டும். மீன் களைத்துச் சாய்ந்து கிடந்தால், கையுறை அணிந்து, ஈட்டி போல் நீண்ட அலகை இறுகப் பிடித்து, தலையை நீருக்குள் வைத்தபடி, படகை நடை வேகத்தில் முன்னோக்கி மட்டுமே செலுத்த வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டுவதில் பயனில்லை, பின்னோக்கி இழுக்கும்போது நீர் செவுளுக்குள் தவறான திசையில் போகிறது. கொஞ்ச நேரத்தில் மங்கிய நிறம் திரும்பும், பக்கவாட்டில் நீலக் கோடுகள் தெளியும், அலகில் ஒரு உதறல் தெரியும். அந்த உதறல் வந்த பிறகு விட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. வட்ட முள் என்று எழுதி விற்பதெல்லாம் ஒன்றல்ல. நுனி பக்கவாட்டில் நன்றாகத் திருகிய வகையில் ஆழத் தைப்பது ஜே முள்ளின் அளவுக்கே உயர்ந்திருந்தது என்பதும், எரிக் பிரின்ஸ் குழுவினர் அதே ஆய்வின் இன்னொரு பகுதியாக ஃபுளோரிடா கடலில் செய்த சோதனையில் தெரியவந்தது. மேசைமேல் வைத்தால் தட்டையாகப் படியும் முள்ளே வேண்டும். அதைப் பயன்படுத்தும்போது கோலை வெடுக்கென்று உதறக் கூடாது, நரம்பு தானாக இறுகட்டும் என்று பொறுமையாகச் சுற்ற வேண்டும். பழைய கைகளுக்கு இதுதான் மிகக் கடினம்.

ஆழிவிரும்பி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மைத்துனரிடமும் படித்துக் காட்டினேன். வாயில் முள்ளோடு விட்ட மீன் எப்படி இரை எடுக்கும் என்று உடனே திருப்பிக் கேட்டார். இத்துடன் என்னுடைய ஐயங்கள் இரண்டு. இறந்த இரைக்குப் பதிலாகச் செயற்கை இரையைப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும்போதும் வட்ட முள் தேவையா? சூரைக்கும் சுறாவுக்கும் இதே கணக்குதானா?

நெய்தல்நாடன் எழுதியது:

செயற்கை இரையை வேகமாக இழுக்கும்போது மீன் அதை விழுங்க நேரம் கிடைப்பதில்லை. ஓடும் பொருளைக் கவ்வியவுடன் முள் தைத்துவிடுவதால் பெரும்பாலும் வாயைச் சுற்றியே தைக்கும். பெர்முடாவில் பிழைத்த நீல மார்லின்களும் இவ்வகைப் பிடிப்பைச் சேர்ந்தவைதான். ஆகவே இங்கே வட்ட முள்ளின் தேவை குறைவு. அமெரிக்க அட்லாண்டிக் போட்டிகளில் 2008 முதல் நடைமுறையில் உள்ள வட்ட முள் விதிகூட இயற்கை இரைக்கும், இயற்கை இரையோடு சேர்த்துக் கோத்த செயற்கை இரைக்கும் மட்டுமே பொருந்தும். ஆனால் ஒரே இரையில் இரண்டு முட்கள் கோப்பதை நான் ஏற்பதில்லை. ஒன்று வாயில் தைத்தபின் மற்றது சும்மா இருப்பதில்லை, போராட்டத்தில் மீன் தலையை உதறும்போது அது கண்ணிலோ செவுளிலோ மாட்டிக்கொள்கிறது.

வாயோரத்தில் தங்கிய ஒற்றை முள்ளால் மீன் பட்டினி கிடப்பதாகத் தெரியவில்லை. பழைய முள் துருவேறித் தாடையில் இருக்க, மறுபடியும் இரையைப் பாய்ந்து கவ்விப் பிடிபட்ட மீன்கள் உண்டு. அதனால்தான் துருப்பிடிக்காத எஃகு முட்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், சாதாரண முள் உப்புநீரில் நாளடைவில் அரித்து விழுந்துவிடும். தொங்கும் நரம்புதான் சிக்கல், முள் அல்ல.

இதைச் சுறாக்களில் தெளிவாகக் காணலாம். திரெஷர் சுறா தன் நீண்ட வாலால் இரையை அடித்து மயக்கி உண்ணும் பழக்கம் உடையது என்பதால், இழுத்துச் செல்லும் இரையையும் வாலால் அடித்து, வாலிலேயே முள் தைத்துக்கொள்ளும். பிறகு அதைப் பின்னோக்கி இழுத்து வர வேண்டியிருக்கிறது. முன்னே நீந்தி மூச்சுவிடும் மீனுக்கு இதைவிடக் கொடிய நிலை இல்லை. கலிஃபோர்னியாவில் இப்படி வாலில் பிடிபட்ட பத்தொன்பது சுறாக்களைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில் ஐந்து செத்தன. 85 நிமிடமும் அதற்கு மேலும் போராடியவை அனைத்தும் அந்த ஐந்தில் அடங்கின. பின்னர் நடந்த இன்னொரு ஆய்வில், வாலில் முள்ளும் கருவிகளும் தொங்க அறுத்துக்கொண்டு போனவற்றில் மூன்றில் இரண்டு பங்கு செத்தன, வாயில் தைத்து விடுவிக்கப்பட்டவை எல்லாம் பிழைத்தன. குறுந்துடுப்பு மாகோ சுறா இதற்கு மாறாக மிகவும் தாக்குப்பிடிக்கும் இனம். ஆஸ்திரேலியாவில் டேக் செருகிய முப்பதில் மூன்று மட்டுமே செத்தன. பெரிய கொம்பன் சுறாவோ நெடிய போராட்டத்தைத் தாங்காத இனம்.

சூரையைப் பொறுத்தவரை, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் பிடித்து விட்ட பெரிய நீலத்துடுப்புச் சூரைகள் 59-இல் 2 மட்டுமே செத்ததாக 2011-இல் வெளியிட்டார்கள். பல நூறு கிலோ எடையுள்ள மீன்கள் அவை. குளிர்நீர், கனமான கருவிகள், பழகிய மாலுமிகள் என்ற மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. கணக்குப்பிள்ளையின் இரண்டாவது குறிப்பை இங்கேயும் நினைவில் கொள்வது நல்லது.

படகோட்டி எழுதியது:

உங்கள் மைத்துனரின் வாதம் முழுவதுமாகத் தள்ளத்தக்கது அல்ல என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். செவுளிலிருந்து செங்குருதி பீறிட, படகோரத்தில் நிறம் வெளுத்துக் கிடக்கும் மீனை விடுவித்து யாருக்கும் பயனில்லை. சட்டம் அனுமதிக்கும் இனமும் அளவும் என்றால் அதை எடுத்துக்கொள்வதே சரி, எண்ணிக்கைக் கணக்கிலும் ஏற்ற வேண்டும். ஆனால் அளவு குறைந்த மீனென்றால் சாகும் என்று தெரிந்தும் விட்டாக வேண்டும். அமெரிக்க அட்லாண்டிக் பகுதியில் நீல மார்லினுக்குக் கீழ்த்தாடை முனையிலிருந்து வால் கவை வரை 99 அங்குலம், அதாவது சுமார் 251 சென்டிமீட்டர் என்பது குறைந்த அளவு. அதற்கு ஒரு விரல்கடை குறைந்தாலும் தண்ணீருக்கே திரும்ப வேண்டும். இது முரணாகத் தோன்றலாம். ஆனால் செத்துப்போகும் மீனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு கொடுத்தால், படகில் வரும் எல்லா மீனும் செத்துப்போகும் மீனாகவே வந்து சேரும்.

மற்றபடி, ஆழத்தில் தைத்த முள்ளைக் கையை விட்டுத் தேடிப் பிடுங்க முயல வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். முள் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், நரம்பை வாய்க்கு அருகிலேயே அறுத்து, உடனே மீனின் தலையை முன்னோக்கித் திருப்பிப் படகை நகர்த்துவதுதான் வேலை.